கரண்ட் போச்சு ரெக்கார்ட்ஸ்

நகரி பஜாரில் சம்பத்தின் பேட்டரிக் கடைக்கு இன்வெர்ட்டர் வாங்க ஆள் வருவது குறைந்து வெகு நாளாகிறது. இப்போதெல்லாம் கரண்ட் போவதில்லை. போனாலும் டீ ஆறுவதற்குள் வந்துவிடுகிறது. அதனால் ஒரு காலையில் தோளில் துணிப்பையும் மூக்கில் சின்ன வளையமுமாக ஒரு பெண் படியேறி வந்தபோது, ஸ்கூட்டி பேட்டரிக்குத்தான் வந்திருப்பாள் என்று நினைத்துச் சம்பத் எழுந்து நின்றான்.

"பேட்டரி வேணாம்ணா. கரண்ட் போச்சு ரெக்கார்ட்ஸ் நீங்கதானே?"

அந்தப் பெயரை இன்னொருவர் வாயிலிருந்து கேட்டுப் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். சம்பத் முதலில் எதிர் டீக்கடையைப் பார்த்தான். கடன் கொடுத்தவன் நடுத்தெருவில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யார் காதிலாவது விழுந்ததா என்று பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

பெண்ணின் பெயர் கீர்த்தி. புத்தூர்க்காரி, திருப்பதி யுனிவர்சிட்டியில் படிக்கிறாள். மூன்று தோழிகளோடு சேர்ந்து ஒரு பேண்டு வைத்திருக்கிறாள். சம்பத் அந்தக் காலத்தில் வெளியிட்ட கேசட்டுகளையெல்லாம் சேர்த்து, பெரிய கறுப்புத் தட்டாகவே, பழைய கிராமபோன் தட்டு மாதிரி, போடப் போகிறார்களாம். திருப்பதியில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பேசி, பெரிய கச்சேரி வைத்து வெளியிடப் போகிறார்களாம்.

"நீங்கெல்லாம் அப்ப மூணாங்கிளாஸ் படிச்சிக்கினு இருந்திருப்பீங்களே. இத்தெல்லாம் எப்பிடித் தெரியும்?"

"எங்க மாமா வூட்ல ஒரு கேசட்டு இருந்துச்சிண்ணா. அத்த கேட்டுட்டுதான் கிடார் வாங்கித் தரச் சொல்லி அழுதேன். நான் ஒண்டி இல்ல. வேலூர்ல ரெண்டு பேண்டு, மதனபள்ளில ஒண்ணு, பெங்களூர்ல ஒண்ணு. எல்லாரும் பாட்ட பாதியில பொட்டுனு நிறுத்தறாங்க. ஏன்டான்னா, இதான் நகரி ஸ்டைலுன்றாங்க."

சம்பத்துக்குச் சிரிப்பு வந்தது. அதை மறைக்க அவன் காலி பேட்டரி ஒன்றைத் துடைக்க ஆரம்பித்தான்.

"எல்லாருகிட்டயும் சரி வாங்கிட்டோம்ணா. யமுனா அக்கா ஒண்டிதான் பாக்கி. போன் பண்ணா, 'ட்யூட்டில கீறேன்'னு வெச்சிடறாங்க. அவங்க பாட்டு இல்லாம அந்த ரெக்கார்டு வேஸ்ட்டு. நீங்க ஒரு வார்த்தை கேளுங்களேன்."

"கேக்கறேன்" என்று சம்பத் சொன்னான். சொன்ன பிறகுதான் யமுனாவிடம் தான் பேசி எத்தனை வருஷமாயிற்று என்று நினைத்துப் பார்த்தான்.

நகரி ஸ்டைல் என்பது எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிட வேண்டும்.

நகரியில் விசைத்தறி இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ராத்திரி பகல் என்று பாராமல் தடதடக்கும். வெளியூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வரும் பெண்கள் முதல் வாரம் தூக்கம் வராமல் அழுவார்கள். இரண்டாம் மாதம் தாய்வீட்டுக்குப் போனால் அங்கே அமைதியில் தூக்கம் வராது. இப்படிப்பட்ட ஊரில் பாட்டுப் பதிவு செய்ய ஒருவன் கிளம்பினான் என்றால் அவனை என்னவென்று சொல்வது?

சித்தூர் பாலிடெக்னிக்கில் படித்தபோது ஹாஸ்டலில் ஒரு பெங்களூர்ப் பையன் வைத்திருந்த சிடிக்களில்தான் சம்பத் முதன்முதலாக பங்க் பாட்டைக் கேட்டான். கிடாரில் விரலால் பிடிக்க மூன்று கார்டு, அடக்க முடியாத ஒரு கோபம், இரண்டு நிமிஷம். அவ்வளவுதான் பாட்டு. நன்றாக வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை, பெரிய கம்பெனி வாசலில் போய் நிற்க வேண்டியதில்லை, நாமே பாடி நாமே பதிந்து நாமே விற்கலாம் என்று அந்தப் பையன் சொன்னது அவன் மண்டையில் ஆணியடித்தாற்போல் இறங்கிவிட்டது. ஊர் திரும்பித் தன் நைனாவின் பேட்டரிக் கடையில் உட்கார்ந்ததும் கடை மாடியைக் காலி பண்ணி, ஒரு டேப் ரெக்கார்டரையும் இரண்டு மைக்கையும் வைத்தான். புத்தூரில் மூடிக்கொண்டிருந்த கேசட் கடையில் விற்காமல் கிடந்த வெறும் கேசட்டுகளை மூட்டையாக வாங்கி வந்தான். ஆனால் மைக்கை எந்த மூலையில் வைத்தாலும் தறிதான் பாடியது.

பிறகு கரண்ட் கட் வருஷங்கள் வந்தன. ஊரே திட்டியது, சம்பத் ஒருவனைத் தவிர. ஒருநாள் மத்தியானம் கரண்ட் போய் எல்லாத் தறியும் ஒன்றாக நின்றபோது, எங்கோ ஒரு வீட்டில் குழம்பு கொதிக்கிற சத்தம் மாடிவரை கேட்டது. சம்பத்தின் கடையிலோ சார்ஜ் ஏறிய பேட்டரிகள் வரிசையாக நின்றன. ஆம்ப்ளிஃபயரை இன்வெர்ட்டரில் மாட்டி அன்றைக்கே முதல் பாட்டைப் பதிந்தான். பாதிப் பாட்டில் கரண்ட் வந்தது. முதலில் ஒரு தறி, பிறகு பக்கத்துத் தறி, பிறகு தெரு, பிறகு ஊர். போட்டுக் கேட்டால் பாட்டைவிட அந்த முடிவு நன்றாக இருந்தது.

அதுவே சட்டமாகிவிட்டது. கரண்ட் போனால்தான் பதிவு. கரண்ட் வந்தால் பாட்டு முடிந்தது. எந்த வரியில் நின்றாலும் சரி, மறுபடி பாடக் கூடாது. வாசித்தவர்கள் எல்லாரும் சம்மதித்தால்தான் கேசட் வெளியே போகும். லேபிளுக்கு, அதாவது அந்தச் சின்ன கேசட் கம்பெனிக்கு, பெயர் வைக்க யோசிக்கவே தேவைப்படவில்லை. கரண்ட் போனதும் தெருவில் முதலில் கேட்கும் குரல்தான் பெயர்.

கேசட் வாங்க ஆள் வந்தார்களா என்றால், வந்தார்கள். சித்தூரில் மாம்பழக் கூழ் ஃபாக்டரியில் சீசன் வேலை பார்த்த பையன்கள் 'தோல் கொட்டை' என்று ஒரு பேண்டு ஆரம்பித்து, கையில் மாம்பால் சுட்ட காயத்தோடு வந்து பாடினார்கள். திருப்பதியிலிருந்து தெலுங்கில் பாடிய 'லைன்லோ ரண்டி', அதாவது 'வரிசையில் வாங்க', வந்தது. சொந்த ஊரில் 'ஃபியூஸ் கேரியர்'. அதில் கிடார் சம்பத். பெயிண்ட் டப்பாவும் கல்யாண பேண்டு செட்டின் ஒற்றை டிரம்முமாக அடித்தவன் சிரஞ்சீவி. பாடியவள் அவன் தங்கை யமுனா.

அவர்கள் மேலப்பட்டு காலனி. நகரியிலிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரம். அப்பா முனியப்பன் கூலிக்குக் குழி தோண்டுகிறவர். யமுனா திருப்பதியில் டெக்னீஷியன் கோர்ஸ் படித்துக்கொண்டிருந்தாள்; சனிக்கிழமை ரயிலிலிருந்து இறங்கி நேரே மாடிக்கு வருவாள். அவள் குரல் இனிமையான குரல் இல்லை. தாளிக்கும்போது மிளகாய் நெடி ஏறுமே, அப்படி ஏறும். கேட்டவர்கள் இருமாமல் இருக்க முடியாது. சம்பத் அவளைப் பார்த்து கிடார் வாசிக்க மாட்டான். கம்பியைப் பார்த்துத்தான் வாசிப்பான். அவளிடம் சொல்ல அவனுக்கு ஒன்று இருந்தது. சொல்லாமலிருந்ததற்குக் காரணங்களும் இருந்தன. அவற்றில் பாதி புத்தூர்ப் பக்கத்தில் நிலமும் மாந்தோப்புமாக இருந்த அவன் குடும்பத்தில் இருந்தன, மீதி அவனிடம்.

கடைசியாக அவள் பாடியது ஒரு கத்திரி வெயில் மத்தியானம். புதுப் பாட்டு, அவளே எழுதியது.

*இருட்டுல எல்லாம் ஒண்ணுதான்னு*
*நீ சொல்ற, நான் கேக்கறேன்.*
*இருட்டுல எல்லாம் ஒண்ணுதான்.*
*வெளிச்சம் வந்தா...*

தறி ஓட ஆரம்பித்தது. யமுனா நிறுத்தவில்லை; தறிக்கு மேலே கத்திப் பாடிக்கொண்டே போனாள். சம்பத் டேப்பை நிறுத்தினான்.

"ஏன் நிறுத்தன?"

"கரண்ட் வந்துட்ச்சே."

"எங்க?"

"இன்னா எங்க? ஊரே ஆடிக்கினு கீது, கேக்கல?"

அவள் மைக்கைக் கீழே வைத்தாள். "சரி ஓனரு" என்றாள். மாடிப்படி இறங்கிப் போனாள். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமை திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துவிட்டதாக சிரஞ்சீவி வந்து சொன்னான். கேசட்டைப் பற்றிக் கேட்டதற்கு, "உன் இஷ்டம்னு சொல்லிச்சி" என்றான். சம்பத் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான்.

அந்தப் பாட்டுத்தான் லேபிள் போட்டவற்றிலேயே அதிகம் பரவியது. 'வெளிச்சம் வந்தா' என்று அறுந்து நிற்கிற இடத்தில் எல்லாருக்கும் உடம்பு சிலிர்த்தது. எழுதிய ஆளை மேதை என்றார்கள். ஒரு வருஷத்தில் கரண்ட் கட்டும் நின்றது, லேபிளும் நின்றது. சம்பத்துக்குக் கல்யாணம் பேசினார்கள், அது நடக்கவில்லை. இன்னொன்று பேசினார்கள், அதுவும் நடக்கவில்லை. கடையில் தனியாக இருக்கும்போது அந்த வரிக்கு அவன் மனதுக்குள் முடிவு கட்டிப் பார்ப்பான். வெளிச்சம் வந்தா நீ போயிடுவ. வெளிச்சம் வந்தா நான் சொல்லிடுவேன். ஒன்றும் ஒட்டவில்லை. மீதியை அவள் வாயால் ஒருமுறை கேட்டுவிட்டால் போதும் என்று இருந்தது. அதைவிடப் பெரிதாக ஆசைப்பட அவனுக்கு வராது.

கீர்த்தி வந்துபோன இரண்டாம் நாள் சம்பத் திருப்பதிக்கு ரயிலேறினான். ஸ்டேஷனுக்கு வெளியே, மலையிலிருந்து இறங்கி அலிபிரி பஸ்ஸில் வந்த மொட்டைத் தலைகளுக்கு நடுவில் ஒரு காலேஜ் பையன் கறுப்புச் சட்டையில் வெள்ளை எழுத்தாக 'வெளிச்சம் வந்தா...' என்று போட்டுக்கொண்டு போனான். சம்பத் அவன் பின்னாலேயே பத்தடி நடந்துவிட்டு, தான் போக வேண்டியது வேறு பக்கம் என்று திரும்பினான்.

ஆஸ்பத்திரி கேட்டுக்கு எதிரே டீக்கடையில் காத்திருந்தான். டயாலிசிஸ் பிரிவில் ட்யூட்டி முடிந்து யமுனா வந்தாள். நீல யூனிஃபார்ம், காதோரம் கொஞ்சம் நரை, அதே வேக நடை.

"இன்னா ஓனரு, தொப்பை போட்டுட்ட."

"நீ அப்பிடியே கீற."

"பொய் சொல்றதுக்கா இம்மாந்தூரம் வந்த? டீ சொல்லு. சக்கரை கம்மியா."

டீ வந்தது. ரயிலில் வரும்போது வரிசையாக யோசித்து வைத்த பேச்சு ஒன்றும் வரவில்லை. "அந்தப் பாட்ட போடலாமான்னு கேக்க வந்தேன்" என்று மட்டும் சொன்னான்.

"அந்தப் பொண்ணு போன் பண்ணிச்சி. நல்ல பொண்ணுதான். மத்த பாட்டெல்லாம் போட்டுக்கச் சொல்லு. அது ஒண்டி வேணாம்."

"அதுதான் யமுனா எல்லாருக்கும் புடிச்சது. இப்ப கூட ஒரு பையன் சொக்காயில எழுதிக்கினு போறான்."

"எங்க டாக்டரம்மா புள்ளயும் போட்டுக்கினு திரியறான். இன்னாடா அர்த்தம்னேன். 'வெளிச்சம் வந்தா லவ்வு போயிடும் ஆன்ட்டி'ன்றான்." அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

சம்பத்துக்குச் சிரிப்பு வரவில்லை. அவனும் கிட்டத்தட்ட அப்படித்தான் நினைத்திருந்தான்.

"மீதி இன்னான்னு யாருக்கும் தெரியாதே" என்றான். "எனக்கும்தான்."

யமுனா டம்ளரைக் கீழே வைத்தாள். "அன்னிக்கி உன் தெருவுல கரண்ட் வந்துச்சி. சரி. எங்க காலனில எப்ப வந்துச்சி தெரியுமா?"

தெரியாது என்று அவன் தலையாட்டினான்.

"மறுநாளு காலைல. எப்பவும் அப்பிடித்தான். மொதல்ல டவுனு, அப்பறம் தோப்புக்காரன் மோட்டாரு, அதுக்கப்பறம் மனசு வந்தா நாங்க. கரண்ட் வந்தா பாட்டு முடியணும்னு சட்டம் போட்டியே, யாரு கரண்ட்னு போட்டியா? எங்க கரண்ட் கணக்குக்கு அந்தப் பாட்டு விடியவிடிய ஓடியிருக்கணும்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொன்னேனே, பாட்டுல. அத்த சொல்லத்தான வாய தொறந்தேன். நீ ஸ்டாப்ப அமுக்கிட்ட."

பக்கத்து மேஜையில் ஒருவர் போனில் யாருக்கோ ரத்தம் வேண்டுமென்று தெலுங்கில் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"மீதிய எழுதி வெச்சிகீறியா?" என்று சம்பத் கேட்டான்.

"எழுதறது இன்னாத்துக்கு? எங்க ஊர்ல பொடுசுங்க கூடப் பாடும். எங்கண்ணன் சிரு அதுக்குப் புதுசா ஒரு அடி போட்டு வெச்சிகீறான், சும்மா தூக்கும். எங்கம்மா ரெண்டு வரி சேத்துச்சி." அவள் குரலில் கோபம் இல்லை. அது அவனுக்குக் கோபத்தைவிடக் கஷ்டமாக இருந்தது. "அஞ்சு வருசம் நாங்க உன் மாடி ஏறனோம். நீ எங்க ஊருக்கு ஒரு வாட்டி வந்துகீறியா ஓனரு?"

வந்ததில்லை. சைக்கிள் மிதிக்கும் தூரம்தான். வீட்டில் என்ன சொல்வார்களோ என்று கூட அவன் யோசித்ததில்லை. போக வேண்டும் என்றே தோன்றியதில்லை. பாட்டு என்றால் அவர்கள்தான் வர வேண்டும். மாடி இங்கே இருந்தது, பேட்டரி இங்கே இருந்தது.

"நாயித்திக்கெழம சிரு பொண்ணுக்குக் காது குத்து" என்றாள் யமுனா எழுந்துகொண்டே. "நானும் போறேன். வர்றதுன்னா வா. டேப்பு கீப்பு கொண்டாராத. போனையும் பையில போட்டுக்கோ."

அன்று சாயங்காலமே சம்பத் கீர்த்திக்குப் போன் செய்தான்.

"அந்தப் பாட்டு இல்லாமயே போட்டுக்கம்மா."

"அண்ணா! நோட்டீஸ்ல அந்த வரியத்தான் பெருசா போட்டுகீறோம். மண்டபத்துல ஸ்டேஜுக்குப் பின்னாடி லைட்டுல எழுதப் போறோம். அவங்க மாட்டேன்னுட்டாங்களா?"

"அவங்க சரின்னதே இல்ல. நான்தான் சரின்னு எடுத்துக்கினேன். அது முழுப் பாட்டு இல்லம்மா."

"முழுசா இல்லாததுதாண்ணா அதுல அழகே!"

"நானும் அப்பிடித்தான் சொல்லிக்கினு இருந்தேன்" என்று சொல்லிச் சம்பத் போனை வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை குழந்தைக்கு ஒரு கவுன் வாங்கிக்கொண்டு மேலப்பட்டுக்குப் போனான். வழி கேட்க வேண்டியிருந்தது. காலனி முகப்பில் ஷாமியானா, அதன் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகள். சிரஞ்சீவி தலையெல்லாம் வழுக்கையாகி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தான்.

"டேய், யாரு வந்துகீறான் பாரு! நம்ம கிடாரு! வாடா, வாடா. இன்னும் அந்த மூணு கார்டுதானா, நாலாவது கத்துக்கினியா?"

"மூணுல ஒண்ணு மறந்துட்ச்சி."

"அப்ப உருப்பட்ட."

காது குத்தும் ஆசாரி புத்தூரிலிருந்து வர வேண்டும். பஸ் தவறிவிட்டது என்று போன் வந்தது. காத்திருக்கிற சனத்துக்குப் பொழுது போக வேண்டுமே. சிரஞ்சீவி ஒரு காலி பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு, இரண்டு குச்சியால் தட்ட ஆரம்பித்தான். பொடிசுகள் ஓடிவந்து சூழ்ந்துகொண்டன. சமையலிடத்திலிருந்து புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு யமுனா வந்தாள். சம்பத் உட்கார்ந்திருந்த பக்கம் அவள் பார்க்கவில்லை.

*இருட்டுல எல்லாம் ஒண்ணுதான்னு.* அதே மிளகாய் நெடி, கொஞ்சம் கரகரத்து. சம்பத் தொடையில் விரலால் கார்டு பிடித்தான். 'வெளிச்சம் வந்தா' என்ற இடத்தில் அவன் உடம்பு தன்னால் நின்றது. பாட்டு நிற்கவில்லை. முப்பது நாற்பது தொண்டைகள் ஒன்றாக அதைத் தூக்கிக்கொண்டு போயின.

*வெளிச்சம் வந்தா உன் மூஞ்சி தெரியும்,*
*என் மூஞ்சிக்கு நேரம் கீது.*
*கம்பம் நட்ட குழி எங்க குழி,*
*கம்பி எங்க தல மேல போவுது,*
*கரண்ட் ஒண்டி நிக்காம போவுது!*

அதற்கப்புறம் வேகம் கூடியது. முனியப்பன் குழி தோண்டிய கதை ஒரு அடியில் வந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த முனியப்பனே வெட்கப்பட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். போனை எடுக்காத லைன்மேன் ஒருவனின் வீட்டுக்காரியை வைத்து ஒரு கிண்டல் வந்தது. பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். யமுனாவின் அம்மா செல்லியம்மா சேர்த்த இரண்டு வரியை மற்றவர்கள் நிறுத்திக்கொள்ள அவளே பாடினாள். பிறகு எங்கிருந்தோ ஒரு துக்கமான வரி வந்தது, அது முடிவதற்குள் மறுபடி டப்பா அடி. சம்பத் ஒரு வார்த்தை விடாமல் பிடிக்கப் பார்த்தான். நாலாவது அடியைப் பிடித்தால் மூன்றாவது நழுவியது. சுற்றிலும் எல்லா வாயும் அசைந்தது. யாரோ ஒருத்தி மடியிலிருந்த குழந்தைகூட 'போவுது, போவுது' என்று கத்தியது. அவன் ஒருவன்தான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பாட்டு முடிந்தது. தானாக, அவர்கள் முடிக்க நினைத்த இடத்தில்.

"சிரு, இன்னொரு வாட்டி" என்றான் சம்பத். குரல் கெஞ்சுவது அவனுக்கே கேட்டது.

"ஆசாரி வந்துட்டாருடா. குந்து, குந்து, கொழந்த முழிச்சிக்கினு கீறப்பவே குத்திடணும்."

குழந்தை அலறியது, எல்லாரும் கை தட்டினார்கள், பந்தி போட்டார்கள். சம்பத்துக்கு இலை போட்டுக் கறிச்சோறு வைத்தார்கள். அவன் பிசைந்துகொண்டே மூன்றாவது அடியைத் தேடினான். மெட்டு இருந்தது. வார்த்தை வந்த இடங்களெல்லாம் குழி குழியாக இருந்தன. ரசம் வாளியோடு வந்த யமுனா அவன் இலைக்கு முன்னால் நின்றாள்.

"இன்னா, அதுக்குள்ள மறந்துட்ச்சா?"

"பாதி."

"ஆடி மாசம் அம்மன் ஜாத்திரைக்குப் பாடுவோம். வா."

பங்குனிதான் நடந்துகொண்டிருந்தது. சம்பத் நிமிர்ந்து பார்த்தான். "அது வரைக்கும்?"

"அது வரைக்கும் சோறு துன்னு" என்று ரசத்தை ஊற்றிவிட்டு அவள் அடுத்த இலைக்குப் போனாள்.